பதில் சொல்லாத எண்

ஆறடி உயரம், அகன்ற தோள், காதுவரை போகும் மீசை. எங்கள் அலுவலகத்துக்கு வருகிற கூரியர்காரர்கூட அவரிடம் கையெழுத்து வாங்கும்போது ஓரடி தள்ளித்தான் நிற்பார். ஆனால் அந்த மனிதருக்கு எல்லாவற்றுக்கும் பயம்.

நாய் என்றால் பயம். இடி என்றால் பயம். வானம் லேசாகக் கறுத்தாலே எழுந்துபோய் கணினிகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அரூருக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு பஸ்ஸிலும் பின்படிக்கு அடுத்த இருக்கைதான். வண்டி கவிழ்ந்தால் முதலில் இறங்கிவிடலாமாம். தினமும் அதே பஸ், அதே கண்டக்டர். ஆனாலும் "அரூர் போவுதுங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

"எதுக்குண்ணா இவ்வளவு பயம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "தெரியலீங்க மேடம். பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். எங்கம்மாகிட்ட கேட்டாத்தான் தெரியும்."

அரூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். மொத்தம் நான்கு பேர். வெளியூரில் ஒரு பெரிய சர்வர் நிலையத்தில் முதலாளி சில சர்வர்களை வாடகைக்கு எடுத்திருந்தார். அவற்றில் இடம் பிரித்து இந்தப் பக்கத்துப் பள்ளிகள், மாங்கூழ் ஆலைகள், ரத்தப் பரிசோதனை லேப்கள் என்று பலருக்கும் வெப்சைட்டும் மெயிலும் நடத்திக் கொடுத்தோம். முதலாளி பெங்களூரில் இருந்தார். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வதும் வாடிக்கையாளர்களோடு பேசுவதும் என் வேலை. மெயில் இந்த மீசைக்காரர் பொறுப்பு. அவர் என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் என்பதால் நான் அண்ணா என்பேன். அவர் மேடம் என்பார்.

ஒருநாள் மாங்கூழ் ஆலை மேனேஜர் படியேறி வந்தார். அவர்கள் அனுப்பும் மெயில் எல்லாம் வாங்குகிறவர்களின் குப்பைப் பெட்டிக்குப் போகிறதாம். மெயில் போகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்று நின்றார்.

"உங்க மெயில் ஒரு சர்வர்லேர்ந்து கெளம்புதுங்க," என்று இவர் மெதுவாக ஆரம்பித்தார். "அந்த சர்வருக்கு ஒரு ஐ.பி. நம்பர் இருக்குது. வாங்கறவங்க மொதல்ல அந்த நம்பரப் பாத்து, இது யாரோட நம்பர்னு திருப்பிக் கேப்பாங்க. அதுக்கு ஒரு பேர் பதில் வரணும். அந்தப் பேரத் தேடிப் பாத்தா மறுபடியும் இதே நம்பர் வரணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் நம்புவாங்க. இதுக்கு ரிவர்ஸ் டி.என்.எஸ்.னு பேருங்க. உங்க நம்பருக்கு அது இல்ல. இன்னைக்கு வெக்கச் சொல்லிடறேன்."

"பேர் வரலன்னா என்னா பண்ணுவாங்க?"

"சில பேரு மெயில திருப்பி அனுப்பிருவாங்க. அது பரவால்லீங்க, நமக்குத் தெரிஞ்சிரும். சில பேரு வாங்கிக்குவாங்க. வாங்கி, குப்பையில போட்டுட்டு, சும்மா இருப்பாங்க. அனுப்புனவன் போயிருச்சுன்னு இருப்பான், வாங்கறவன் ஒண்ணும் வரலன்னு இருப்பான். அதுதாங்க பயம்."

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தப் பெயர்ப் பதிவை நாங்களே வைக்க முடியாது. எண் யாருக்குச் சொந்தமோ அவர்களிடம், அதாவது சர்வர் நிலையத்திடம், மெயில் எழுதிக் கேட்க வேண்டும். பதிவுக்குள் எண்ணைப் பின்னாலிருந்து முன்னாக எழுதுவார்கள். நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதி முதலில் வரும். கேட்கிற மெயிலை எழுதும்போது அவர் ஒவ்வொரு இலக்கமாக முணுமுணுப்பார். "ஒகட்டி, ஆறு, மூடு, தொம்மிதி." அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. "தமிழ்ல சொன்னா வாய் வேகமாப் போயிருதுங்க. இது எங்கம்மா தலையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தது. இதுல தப்பு வராது."

"முடிந்தது" என்று சர்வர் நிலையத்திலிருந்து பதில் வந்தால் மற்றவர்களுக்கு வேலை முடிந்துவிடும். அவருக்கு அப்போதுதான் தொடங்கும். எங்கள் இணைப்பை விட்டுவிட்டு, தன் கைபேசியின் இணைப்பிலிருந்து அந்த எண்ணைக் கேட்டுப் பார்ப்பார். வெவ்வேறு கம்பெனி மெயில்களுக்கு ஆளுக்கொன்று அனுப்புவார். பிறகு வாங்க வேண்டியவர்களுக்கே போன் போடுவார்.

"வந்துச்சிங்களா? பாத்துட்டுச் சொல்றீங்களா, இல்ல வந்திருக்கும்னு நெனச்சுச் சொல்றீங்களா?"

ஒரு பள்ளிக்கூட கிளார்க் இதற்குக் கோபித்துக்கொண்டார். "வந்திருக்கும் சார், போன வைங்க."

"கொஞ்சம் போயிப் பாத்துட்டு வந்துருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கிளார்க் போனை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இவர் இருபது நிமிஷம் காதில் போனோடு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அலுவலகத்தில் யாராவது டீ சொன்னால்கூட, "டீ வந்துச்சா? பாத்தீங்களா, நெனச்சீங்களா?" என்று கேலி ஆரம்பித்துவிட்டது. அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கேட்பதை நிறுத்தவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி அங்கன்வாடியில் வேலை பார்த்தார். காலை பதினொரு மணிக்கு ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருநாள் பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் எடுக்கவில்லை. பதினொன்றே காலுக்கும் எடுக்கவில்லை. முகம் வெளுத்து எழுந்தவர், என்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கி பஸ் ஏறிவிட்டார். மறுநாள் வந்து, "சார்ஜ் போட மறந்துட்டாளாம்," என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அரைநாள் விடுப்பாக எழுதினேன். பயந்தாங்கொள்ளி என்று அன்றைக்கு வீட்டில் என் கணவரிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, மனைவிக்கு ஓசூர் பக்கம் மாற்றலாகி அவர்கள் குடும்பத்தோடு போய்விட்டார்கள். இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான் செய்ததையும் எழுதியாக வேண்டும்.

அவர் அரைநாள் விடுப்பில் ஓடிய அதே வருஷம் ஆவணியில் முதலாளி வேறு சர்வர் நிலையத்துக்கு மாற முடிவு செய்தார். எல்லா எண்களும் மாறின. இவர் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ரிவர்ஸ் பதிவு கேட்டு, சரிபார்த்து, பட்டியலில் கோடு போட்டார். ஒன்றே ஒன்று பாக்கி. அரூரிலேயே இருந்த ஒரு பரிசோதனை லேப். அவர்களுக்கென்று தனி எண். அது செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள். அந்தச் செவ்வாயிலிருந்து மூன்று நாள் இவருக்கு விடுப்பு. அம்மாவுக்குத் தர்மபுரியில் கண் ஆபரேஷன்.

திங்கட்கிழமை கிளம்பும்போது ஒரு தாளில் எல்லாம் எழுதி என் மேசைமேல் வைத்தார். "நம்பர் வந்ததும் இந்தப் பேர்ல ரிவர்ஸ் கேட்டு மெயில் போட்டுருங்க மேடம். முடிஞ்சுதுன்னு பதில் வந்தா வெளியிலேர்ந்து ஒருக்கா பாத்துருங்க. நம்ம ஆபீஸ் மெயிலுக்கே அனுப்பிப் பாத்தா அது எப்பவும் வந்துரும். வேற கம்பெனி மெயிலுக்கு அனுப்பணும்."

"பாத்துக்கறேண்ணா. நீங்க அம்மாவப் பாருங்க."

படி வரைக்கும் போனவர் திரும்பி வந்து அதையே இன்னொரு முறை சொன்னார். நான் நிமிர்ந்து பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் எண் வந்தது. கேட்டு எழுதினேன். அரைமணியில் "முடிந்தது" என்று பதில். லேப்பின் கணக்கிலிருந்து என் அலுவலக மெயிலுக்கு ஒன்று அனுப்பினேன், வந்தது. பட்டியலில் கோடு போட்டுவிட்டு, இனி புது சர்வரிலிருந்தே ரிப்போர்ட் அனுப்பலாம் என்று லேப்புக்குச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார். சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. நின்றபடியே கைபேசியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கணினியில் ஏதோ தேடினார். மறுபடி கைபேசியைப் பார்த்தார்.

"மேடம், லேப் நம்பர் பேர் சொல்லமாட்டேங்குது."

"முடிஞ்சுதுன்னு பதில் வந்துச்சேண்ணா."

நான் அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தேன். எண்ணின் கடைசிப் பகுதி அறுபத்தொன்று. நான் பதினாறு என்று அடித்திருந்தேன். பின்னாலிருந்து எழுத வேண்டும் என்பது மனதில் எங்கோ கிடந்து, கை இலக்கங்களையே திருப்பிவிட்டது. யாருடையதோ ஒரு எண்ணுக்கு எங்கள் லேப்பின் பெயரை வைத்துவிட்டார்கள். லேப்பின் எண்ணுக்குப் பெயரே இல்லை. மூன்று நாளாக.

அவர் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். மெயிலை மூடினேன்.

"சர்வர் நிலையத்துல ஏதோ தப்பா வெச்சுட்டாங்க போல," என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு, "நானே இன்னொருக்கா கேட்டுடறேன்," என்று எழுத ஆரம்பித்தார். தெலுங்கு முணுமுணுப்பு கேட்டது. ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு முறை சொன்னார். அனுப்பி முடித்ததும், "இது எல்லா எடத்துக்கும் போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும். இதுவரைக்கும் போனதெல்லாம் என்னாச்சுன்னு பாக்கணுங்க," என்று எழுந்தார்.

லேப் இரண்டு தெரு தள்ளி. நாங்கள் போனபோது லேப்பை நடத்தும் டாக்டரம்மா அப்போதுதான் வந்திருந்தார். இவர் மூன்று நாளில் போன மெயில்களின் பட்டியலை அவர் முன்னால் வைத்தார். "ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுக் கேக்கணுங்க. எந்த மெயிலும் திரும்பி வரல. அதுக்காகப் போய்ச் சேந்துருச்சுன்னு அர்த்தம் இல்லீங்க."

லேப் ஆட்களும் இவரும் ஆளுக்குப் பாதியாகப் போன் போட்டார்கள். நான் சும்மா நின்றேன். "வரலீங்களே" என்றார்கள். "குப்பையில கெடக்குது" என்றார்கள். சிலர் நாங்களே கேட்கலாம் என்றிருந்தோம் என்றார்கள். எல்லோரிடமும் பேசி முடித்தபோது ஒரே ஒரு மெயில் மிச்சம். சித்தேரி மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே ஒரு நர்ஸ் சிஸ்டர் தங்கியிருந்து பார்க்கிறார், வாரம் ஒருமுறை டாக்டர் போவார்.

டெக்னீசியன் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தார். பாதி வரிகள் சிவப்பு.

"அலமேலுன்னு ஒரு பொண்ணு. எட்டாம் மாசம்," என்றார். "ரத்தத்துல தட்டணு ரொம்பக் கம்மியா இருக்குது. ஈரல் அளவெல்லாம் ஏறியிருக்குது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "புதன்கிழமையே இதப் போன்ல சொல்லச் சொன்னேனே."

"போட்டேன் மேடம். மழையில மலையில டவர் போயிருச்சு, லைன் கெடைக்கவே இல்ல. அங்க நெட்டு தனிக் கம்பியில வருது. மெயில் போயிருச்சு, திரும்பி வரல. அதனால பாத்திருப்பாங்கன்னு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இப்போதும் போன் கிடைக்கவில்லை. வேறொரு மெயிலிலிருந்து ரிப்போர்ட்டை அனுப்பினார்கள். பத்து நிமிஷம் பார்த்தோம். பதில் இல்லை.

"அடுத்த மலை பஸ் எப்பங்க?" என்று இவர் கேட்டார்.

"பத்தே முக்காலுக்கு. இன்னும் கால்மணி இருக்குது," என்றார் டெக்னீசியன்.

"கொழந்தைய ஒடனே எடுக்கணும், ஆம்புலன்சுக்கு நான் சொல்றேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா மழையில அது எப்ப வரும், அந்தப் பொண்ணு எந்த ஊட்டுல இருக்குதுன்னு அவங்களுக்கு யார் சொல்லுவாங்க? நீங்க இதக் கொண்டுபோய் சிஸ்டர் கையில குடுங்க." ரிப்போர்ட்டை அச்செடுத்து, நான்கு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நான் ஏன் கூடப் போனேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்தில் தனியாக உட்காரப் பயமாக இருந்தது.

மலைப்பாதை அவருக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்காட்டுக்கு அலுவலகத்தோடு சுற்றுலா போனபோது அடிவாரத்திலேயே இறங்கி, டீக்கடையில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவர். இன்றைக்கு ரிப்போர்ட்டைப் பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினார். மூன்றாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தார். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. மழை வலுத்தது. ஒரு வளைவில் மண் சரிந்து பாதி ரோட்டை மறைத்திருந்தது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓரமா மெதுவா போயிரலாம். பயப்படறவங்க எறங்கி அந்தப் பக்கம் நடந்து வாங்க," என்றார் கண்டக்டர்.

பாதிப் பேர் இறங்கினார்கள். நான் எட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் அடி தெரியவில்லை, வெறும் புகைமூட்டம். "எறங்கிரலாமாண்ணா?" என்றேன்.

"கால் நடுங்குதுங்க. எறங்கினா என்னால நடக்க முடியாது," என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முனகி, தாண்டியது. அவர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது.

எனக்கு மூன்று பயங்கள் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகியிருக்குமோ என்று ஒன்று. அந்தப் பள்ளம் ஒன்று. மூன்றாவது, இவர் எந்த நேரமும் திரும்பி, "மேடம், நீங்க என்னா நம்பர் போட்டீங்க?" என்று கேட்டுவிடுவாரோ என்பது. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வழி முழுக்க அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"எட்டு மாசத்துல எடுத்தா கொழந்த பொழைக்குங்களா?"

தெரியவில்லை என்றேன்.

ஆஸ்பத்திரி என்றால் ஓடு போட்ட மூன்று அறைகள். சிஸ்டர் வாசலிலேயே நின்றிருந்தார். நேற்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டதாம். அதற்குப் பிறகு கணினியைத் திறக்க முடியவில்லை. இவர் சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்துக் கொடுத்தார். சிஸ்டர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அலமேலு நேத்து வந்துச்சுங்க," என்றார் என்னைப் பார்த்து. "தலவலி தாங்கலன்னு. ரிப்போர்ட் வந்துச்சான்னு கேட்டுச்சு. மெயிலத் தொறந்து பாத்தேன், வரல. பயமா ஏதும் இருந்தா லேப்லேர்ந்து சொல்லியிருப்பாங்கன்னு சொல்லி மாத்திர குடுத்து அனுப்பினேன்."

ஆஸ்பத்திரி ஜீப் கிளம்பியது. அவள் வீடு அடுத்த ஊரில். எங்களுக்கு ஜீப்பில் வேலை இல்லை என்பதால் அங்கேயே நின்றோம். மழை விட்டிருந்தது. அவர் வாசல்படியில் உட்காரவே இல்லை. பாதையின் முனை வரைக்கும் போவார், நிற்பார், திரும்பி வருவார்.

"ஜீப் சத்தம் கேக்குதுங்களா?"

"இல்லண்ணா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். நானும் மறுபடி இல்லை என்றேன். அந்த அரைமணி நேரத்தில் அவள் செத்திருப்பாள் என்று நான் முடிவு செய்துவிட்டேன். அவள் புருஷன் என்னைத் தேடி வருவான், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றெல்லாம் நினைத்தேன். அப்போதும் என்னைப் பற்றித்தான் நினைத்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜீப் வந்தது. பின்னால் அவள் படுத்திருந்தாள். முகம் ஊதி, கண் பாதி திறந்து. தலையை மடியில் வைத்திருந்தவர் அவள் புருஷன், ஒல்லியான ஆள். "கண்ணு தெரியலங்குதுங்க, கண்ணு தெரியலங்குதுங்க," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். சிஸ்டர் ஒரு ஊசி போட்டார். அடிவாரத்தில் ஆம்புலன்ஸ் காத்திருக்கும் என்று டாக்டரம்மாவின் கடிதத்தில் எழுதியிருந்தது. அப்படியே கீழே கொண்டுபோனார்கள். வண்டி வளைவில் மறைந்ததும் இவர் பாதையோரத்துக் கல்லில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி நடுங்கியது.

சாயங்காலம் நாங்கள் அரூர் திரும்பியதும் டாக்டரம்மா போன் செய்தார். தர்மபுரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

மறுநாள் முதலாளி போனில் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். இவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"எப்பிடிம்மா ஆச்சு?"

"சர்வர் நிலையத்துல நம்பர மாத்தி வெச்சுட்டாங்க சார்," என்றேன்.

"அவங்கள நான் கேக்கறேன். அங்க யாரு பண்ணினதுன்னு கண்டுபுடிக்கச் சொல்றேன்."

இவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள். அவர் வழக்கம்போல வந்தார், எண்களைப் பார்த்தார், மனைவிக்குப் போன் செய்தார். "மேடம்" என்று கூப்பிட்டால் என் கை நின்றுவிடும். ஸ்டேப்ளர் எங்கே என்று கேட்பார். அவர் கேட்டுத் தொலைத்தால் போதும் என்று தோன்றும். கேட்டுவிடக் கூடாது என்றும் தோன்றும்.

பதினோராவது நாள் லேப்பிலிருந்து செய்தி வந்தது. அலமேலுவுக்குப் பார்வை திரும்பிவிட்டது. குழந்தை பால் குடிக்கிறது. இன்னும் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். போனை வைத்ததும் சொல்லிவிட்டேன்.

"அண்ணா, அந்த நம்பர நான்தான் தப்பாப் போட்டேன். வெளியிலேர்ந்து பாக்கவும் இல்ல."

"தெரியுங்க மேடம்."

"எப்போலேர்ந்து?"

"வெள்ளிக்கெழம காலையிலேயே. நாம அனுப்பற மெயிலோட காப்பி எனக்கும் வருமுங்களே. நீங்க தொறக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏண்ணா ஒரு வார்த்த கேக்கல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பயமா இருந்துச்சுங்க. கேட்டு, நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்கன்னா? முதலாளிகிட்ட சொன்னப்பவே எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. நான் நேரா கேட்டும் எங்கிட்ட அதையே சொல்லிட்டா, அப்புறம் நீங்க சொல்ற எதையும் நான் நம்ப முடியாதுங்களே. உங்களோட எப்பிடி வேல செய்யறது?"

அன்றைக்கே முதலாளிக்குப் போன் செய்தேன். கத்தினார். கடைசியில், "அங்க ஒருத்தன வேலையவிட்டு எடுக்கப் பாத்தாங்கம்மா. நீயே அவங்களுக்கு எழுது," என்றார். எழுதினேன். லேப்புக்குப் போய் டாக்டரம்மாவிடமும் சொன்னேன். எல்லாம் முடிந்தது என்று திரும்பி வந்து உட்கார்ந்தபோது இவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரருக்கும் சொல்லணுங்களே மேடம்."

"அவரு அடிச்சுட்டா?"

"அடிக்கலாங்க," என்றார். "எனக்கும் அந்தப் பயந்தான். அவங்க ஊருக்குப் போனதும் சனிக்கெழமையாப் பாத்துப் போலாமா?"

போனோம். அவர் இந்த முறையும் வாந்தியெடுத்தார். மலைமேல் அந்த வீட்டு வாசலில் சாமைக் கதிர் காயப்போட்டிருந்தது. அலமேலு உள்ளே கயிற்றுக்கட்டிலில் குழந்தையோடு படுத்திருந்தாள். புருஷன் எங்களை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, காப்பி வைக்கச் சொன்னார். ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார். என்னால் உட்கார முடியவில்லை.

எண், சர்வர் எதுவும் சொல்லவில்லை. "ஒரு வேலைய சரியாப் பாக்காமலே பாத்தாச்சுன்னு சொல்லிட்டேங்க. அதனாலதான் உங்க ரிப்போர்ட் புதன்கெழம வரல. தப்பு என்னோடது," என்றேன்.

புருஷன் எழுந்து நின்றார். இவர் எனக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றார். அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை. கதவுக்கு உள்ளே பார்த்தார்.

"தலவலின்னு மொத நாளே அவ சொன்னா," என்றார். "வேலைக்குச் சோம்பிட்டுச் சொல்றான்னு திட்டுனேன். கேக்கக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டேன்."

உள்ளே குழந்தை அழுது ஓய்ந்தது. காப்பி வந்தது, யாரும் எடுக்கவில்லை.

"இனிமே வந்துருமுங்களா, ரிப்போர்ட்டெல்லாம்?" என்று அந்த ஆள் கேட்டார்.

வந்துவிடும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் இவர் சொல்லிவிட்டார்.

"தெரியலீங்க. வந்துச்சான்னு நான் தெனமும் கேக்கறேன்."

அந்த ஆள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"கேளுங்க," என்றார்.